சிக்கிள் செல் கருத்தரங்குக்குப் போஸ்டர்: சொல்யூபிலிட்டி பாசிட்டிவ் எல்லாம் 'நோயாளி'யா?

மலைப்பாதை · பிப்ரவரி 9, இரவு 10:12

சமூக மருத்துவம், இரண்டாம் ஆண்டு பிஜி. நீலகிரிப் பழங்குடி ஊர்களில் நடந்த சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை ரத்த நோய்) முகாம்களின் பதிவேடு கையில் இருக்கிறது. வயது, பால், சமூகம், ஊர், சொல்யூபிலிட்டி (முதல்கட்டக் குழாய்ச் சோதனை) முடிவு, சிலருக்கு மட்டும் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் கருவிச் சோதனை). ஜூனில் நடக்கும் கருத்தரங்குக்குப் போஸ்டர் அனுப்ப எண்ணம். அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) கடைசித் தேதி மார்ச் 15, வரம்பு 300 சொல். பாசிட்டிவ் வந்தவர்களை நோயாளிகள் என்று எடுத்துக்கொண்டு சமூகவாரியாகச் சதவீதம் போட்டால் போதும்தானே? கைடு "போஸ்டர்தானே, போட்டுடு" என்கிறார்.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 9, இரவு 11:40

போதாது. பதிவேட்டை வைத்துப் போஸ்டர் போடலாம், இந்தக் கணக்கை வைத்துப் போட முடியாது.

சொல்யூபிலிட்டியில் நடப்பது இதுதான்: டைதயோனைட் கலந்த கரைசலில் ரத்தம் விழுந்ததும் சிவப்பணு உடைகிறது. ஆக்சிஜன் போன ஹீமோகுளோபின் எஸ் (இந்த நோயின் மாறிய ஹீமோகுளோபின்) கரையாமல் கலங்கி நிற்கிறது. குழாய்க்குப் பின்னால் பிடித்த அட்டையின் கோடுகள் மறைகின்றன. எஸ் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குழாய்க்கு ஒன்றும் தெரியாது. ஒரு எஸ் ஜீன் மட்டும் உள்ள ஏஎஸ் கேரியருக்கும் (ஏ என்பது இயல்பான ஹீமோகுளோபின்) கலங்கும், இரண்டு ஜீனும் எஸ் ஆன எஸ்எஸ் நோயாளிக்கும் கலங்கும், எஸ்ஸோடு பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரைக் கோளாறு) சேர்ந்த எஸ்-பீட்டா தலசீமியாவுக்கும் கலங்கும். முகாமுக்கு வருபவர்களில் பாசிட்டிவ் ஆகும் பெரும்பாலோர் கேரியர்கள், அதாவது நோய் இல்லாதவர்கள். அவர்களை நோயாளிக் கணக்கில் சேர்த்தால் விகிதம் பல மடங்கு ஊதிப்போகும். போஸ்டர் முன்னால் நிற்கும் நடுவர் முதல் அரை நிமிடத்தில் கேட்பது இதைத்தான்.

பொய் நெகட்டிவும் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எஃப் (சிசு ஹீமோகுளோபின்) மிகுந்து எஸ் குறைவாக இருக்கும். கடும் சோகையில் எடுத்த துளியிலேயே ஹீமோகுளோபின் போதாது (டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே என்றால் ரத்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது செல்லை மட்டும் பிரித்துப் போட வேண்டும்). சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கும் தவறலாம். பொய் பாசிட்டிவ்: கொழுப்பு மிகுந்த சீரம், புரதம் மிகுந்த சீரம்.

"சிலருக்கு மட்டும் எச்பிஎல்சி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் போஸ்டர் அதில்தான் இருக்கிறது. எத்தனை பேரைச் சோதித்தார்கள், எத்தனை பாசிட்டிவ், எத்தனை பேரை எச்பிஎல்சிக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் ஏஎஸ் எத்தனை, எஸ்எஸ் எத்தனை, மற்றவை எத்தனை, எத்தனை பேர் கைக்கு முடிவுச் சீட்டு போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்கிறார்கள். அந்த உதிர்வை எண்ணிக் காட்டினால் அது ஆய்வு. சமூகவாரிச் சதவீதம் 70 வருடமாக வந்துகொண்டிருக்கிறது.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 10, காலை 6:50

நேற்று விட்டுப்போனது. எந்தத் தலைப்பிலும் 'பிரிவலன்ஸ்' (மக்கள்தொகையில் நோயின் பரவல் விகிதம்) என்ற சொல்லைப் போடாதீர்கள். முகாமுக்கு யார் வருவார்கள்? வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய் இருப்பவர் முதல் ஆளாக வருவார். கூலிக்குப் போனவர் வரமாட்டார். ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள். பரம்பரை நோயில் ஐந்து உடன்பிறப்புகளை ஐந்து தனி ஆட்களாக எண்ணினால் நம்பக எல்லை (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) பொய்யாகக் குறுகும். 'முகாமில் கண்டறியப்பட்ட விகிதம்' என்று எழுதுங்கள், குடும்ப எண் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.


மலைப்பாதை · பிப்ரவரி 10, மதியம் 1:05

நன்றி. உதிர்வு என்ற கோணம் தோன்றவே இல்லை. குடும்ப எண் இருக்கிறது. இரண்டு கேள்வி: எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கவில்லை, பழைய பதிவேடுதானே, வேண்டுமா? எச்பிஎல்சி தாளில் எஸ்எஸ்ஸையும் எஸ்-பீட்டாவையும் எப்படிப் பிரிப்பது?


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 10, இரவு 9:30

எச்பிஎல்சி: ஏ2 (இயல்பாகச் சிறிதளவே இருக்கும் ஒரு ஹீமோகுளோபின்) 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்து ஏ குறைவாக இருந்தால் எஸ்-பீட்டா. எம்சிவியும் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) சேர்த்துப் பாருங்கள்.

எத்திக்ஸ்: பெயர் நீக்கிய பழைய பதிவேடு என்றால் விலக்கு உண்டு.

(இரண்டு பதிலும் அவசரத்தில் எழுதியவை. கீழே திருத்தம் வருகிறது, இதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.)


லேப் இரண்டாம் மாடி · பிப்ரவரி 11, காலை 8:15

டாக்டர், ஏ2 விஷயத்தில் ஒப்ப முடியாது. எஸ் இருக்கும் ரத்தத்தில் எச்பிஎல்சி காட்டும் ஏ2 உயர்ந்தே வரும். எஸ்ஸின் மாறிய வடிவங்கள் ஏ2 இடத்தில் சேர்ந்து இறங்குவதுதான் காரணம். வேரியன்ட் இரண்டு என்ற எச்பிஎல்சி கருவியின் பீட்டா தலசீமியா ஷார்ட் நிரலில் ஏ2 ஜன்னல் (அந்த வகை இறங்கும் நேர இடைவெளி) 3.30 முதல் 3.90 நிமிடம், டி ஜன்னல் 3.90 முதல் 4.30, எஸ் ஜன்னல் 4.30 முதல் 4.70. ஹீமோகுளோபின் ஈயும் ஏ2 இடத்திலேயே வந்து நிற்கும். ஏ2 எண்ணை மட்டும் பார்த்து 3.5 கோடு போட்டால் பாதி எஸ்எஸ் ஆட்களை தலசீமியா ஆக்கிவிடுவோம்.

போஸ்டரில் ஜன்னல் பெயரையே நோயறிதலாக எழுதுகிறவர்கள் உண்டு. எஸ் ஜன்னலில் இறங்கியது எஸ்தான் என்பதற்கு சொல்யூபிலிட்டி பாசிட்டிவும் கூட இருக்க வேண்டும். இரண்டு முறைகளும் ஒத்துப்போயின என்று ஒரு வரி எழுதினால் லேப் ஆட்கள் உங்களை விட்டுவிடுவார்கள்.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 11, இரவு 10:02

லேப் சொல்வது சரி, நான் எழுதியது தப்பு. திருத்தி எழுதுகிறேன்.

ஏ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏ, எஸ்ஸைவிட அதிகம் என்றால் ஏஎஸ். அதில் எஸ் பொதுவாக 35 முதல் 40 சதவீதம். அதற்கும் கீழே போனால் கூடவே ஆல்ஃபா தலசீமியா இருக்கக்கூடும். எஸ், ஏயைவிட அதிகமாக இருந்து ரத்தமும் ஏற்றவில்லை என்றால் எஸ்-பீட்டா பிளஸ். ஏ அறவே இல்லை என்றால் எஸ்எஸ் அல்லது எஸ்-பீட்டா பூஜ்யம். இந்த இரண்டையும் தாளில் பிரிப்பதுதான் கஷ்டம். எம்சிவி குறைவாக இருந்தால் பீட்டா பூஜ்யம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் நம் பழங்குடிகளிடம் ஆல்ஃபா தலசீமியா பரவலாக இருக்கிறது. எஸ்எஸ்ஸோடு ஆல்ஃபா சேர்ந்தாலும் எம்சிவி குறையும், ஏ2 ஏறும். பிரிக்க வேண்டும் என்றால் பெற்றோர் இருவரின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும், அல்லது டிஎன்ஏ. இரண்டும் இல்லை என்றால் "எஸ்எஸ் அல்லது எஸ்-பீட்டா பூஜ்யம்" என்று ஒரே வரியாக எழுதுங்கள். தெரியாததைச் சேர்த்தே எழுதுவதில் வெட்கமில்லை.

கடைசி மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்ற கேள்வி பதிவேட்டில் இருக்கிறதா? இல்லை என்றால் குறைபாடுகள் பகுதியில் அதுதான் முதல் வரி. ரத்தம் ஏற்றிய எஸ்எஸ் நோயாளியின் தாள் ஏஎஸ் போலவே இருக்கும்.

எத்திக்ஸ். விலக்கு உண்டு என்றேன். விலக்கு தருவது கமிட்டி, நாம் அல்ல. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி விலக்குக்கும் விண்ணப்பம் போட்டு, கடித எண் வாங்க வேண்டும். பழைய பதிவேடு என்றால் தனிநபர் ஒப்புதலைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பழங்குடிகள் அந்த வழிகாட்டுதலில் தனிக் கவனம் வேண்டிய பிரிவு. புதிதாகத் தரவு எடுப்பதானால் ஊர்ப் பெரியவர் அனுமதி, அதோடு ஒவ்வொருவர் ஒப்புதல், இரண்டும் வேண்டும். ஊர்த் தலைவர் தலையாட்டினார் என்பது ஒப்புதல் ஆகாது. அப்ஸ்ட்ராக்ட் படிவத்தில் அனுமதி எண் கட்டம் இருக்கும், "விண்ணப்பித்துள்ளோம்" என்று நிரப்பினால் பல இடங்களில் அப்படியே திரும்பி வரும். மார்ச் 15க்கு முன் கமிட்டி கூடுகிறதா என்று நாளைக்கே கேளுங்கள். எழுதுவது இரண்டு நாள் வேலை, கமிட்டி இரண்டு மாத வேலை.


மலைப்பாதை · பிப்ரவரி 13, மாலை 6:44

கமிட்டி பிப்ரவரி கடைசி வாரம் கூடுகிறது. விரைவு ஆய்வுப் பிரிவில் போட்டுவிட்டேன். அறிமுகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "1910இல் ஹெரிக் முதலில் விவரித்த இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பழங்குடிகளில் 86 பிறப்புக்கு ஒன்று பாதிக்கப்படுகிறது."


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 13, இரவு 11:20

ஹெரிக்கை விட்டுவிடுங்கள். சிகாகோவில் அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததற்கும் உங்கள் உதிர்வுக் கணக்குக்கும் 300 சொல்லுக்குள் இடமில்லை. எல்லா அப்ஸ்ட்ராக்டும் 1910இல்தான் பிறக்கிறது, அதனால்தான் நடுவர்கள் முதல் வரியைத் தாண்டிக் குதித்துப் படிக்கிறார்கள்.

1952 சரி, 'முதன்முதலாக' சற்று இடிக்கும். லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் கேரியர் நிலையைக் கண்டு எழுதியது அந்த வருடம். அதே 1952இல் டன்லப், மஜும்தார் இருவரும் மேல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கண்டதை எழுதினார்கள். "1952இலேயே நீலகிரியிலிருந்து அறிக்கை வந்த நோய்" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த வரிக்கு உங்கள் போஸ்டரில் உண்மையிலேயே வேலை இருக்கிறது: அறிக்கை வந்து இத்தனை காலம் ஆகியும் பாசிட்டிவ் வந்தவர் எச்பிஎல்சி வரை போய்ச் சேர்வதில்லை என்பதுதானே உங்கள் பேச்சு.

86க்கு ஒன்று அரசு ஆவணங்களில் வரும் தேசிய அளவிலான எண். மத்திய இந்தியாவின் பெரிய பழங்குடிக் கூட்டத்தையும் சேர்த்தது. அதை நீலகிரியின் ஒரு சமூகத்துக்கு ஒட்டவைத்தால் உங்கள் முடிவும் உங்கள் அறிமுகமும் ஒன்றோடொன்று மோதும். பதிலாக 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு மிஷனைச் சொல்லுங்கள். 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு, தமிழ்நாடும் 17 மாநிலங்களில் ஒன்று. உங்கள் பதிவேட்டில் 40ஐத் தாண்டியவர்கள் இருந்தால் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள், ஒப்பிட வசதி.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 14, காலை 7:10

300 சொல்லை இப்படிப் பங்கு போடலாம்: பின்னணி 40, நோக்கம் 20, முறை 80, முடிவுகள் 120, தீர்வுரை 40. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள், பின்னணிக்கு 120 கொட்டிவிட்டு முடிவுகளில் "விரிவாக விவாதிக்கப்படும்" என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு வரி போதும், தள்ளிவைத்துவிடுவார்கள். தரவு முடியாமல் அப்ஸ்ட்ராக்ட் அனுப்பாதீர்கள்.

முறைப் பகுதியில் இருக்க வேண்டியவை: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம், எத்தனை ஊர், யார் ரத்தம் எடுத்தது, எந்தச் சோதனை, எந்த எச்பிஎல்சி கருவி, எதை நோய் என்று வரையறுத்தீர்கள், அனுமதி எண்.


எண்கணக்கு · பிப்ரவரி 14, காலை 11:36

புள்ளியியல் பக்கம் இருந்து. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது 43.48 சதவீதம் என்று தசமம் போடாதீர்கள், சிரிப்பு வரும். 23 பேரில் 10 என்று எழுதுங்கள். நம்பக எல்லை கட்டாயம். உதாரணமாக 40 பேரில் 18 பேர் எச்பிஎல்சிக்கு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 சதவீதம், வில்சன் முறையில் 95% எல்லை 31 முதல் 60 வரை. அந்த அகலத்தைப் பார்த்ததும் "பாதிக்கும் குறைவானவர்களே வந்தனர்" என்ற வாக்கியம் தானாகவே அடங்கிவிடும்.

பி மதிப்பை (தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வருவதற்கான நிகழ்தகவு) '0.05க்குக் குறைவு' என்று எழுதாமல் உள்ளபடி எழுதுங்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு வயதுக்கும் கை-வர்க்கச் சோதனை போட்டு 14 பி மதிப்பு எடுத்து, அதில் ஒன்று 0.04 என்று தலைப்பில் வைப்பவர்களை அடையாளம் காண எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.


மலைப்பாதை · பிப்ரவரி 16, இரவு 8:00

என் பேட்ச்மேட் ஹைட்ராக்ஸியூரியா (இந்த நோயின் வலியைக் குறைக்கத் தரும் மாத்திரை) பற்றிப் போடுகிறாள். மருந்துக்கு முன் ஒரு வருடம், பின் ஒரு வருடம், வலி வருவது குறைந்ததா என்று. இங்கேயே கேட்கச் சொன்னாள்.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 16, இரவு 10:48

இழை திசைமாறுகிறது, பரவாயில்லை, நல்ல கேள்வி.

முன்-பின் ஒப்பீட்டின் பெரிய ஓட்டை: மருந்து எப்போது தொடங்கப்படுகிறது? அந்த நோயாளிக்கு மிக மோசமான வருடம் போன பிறகு. மிக மோசமான வருடத்துக்கு அடுத்த வருடம் மருந்தே கொடுக்காவிட்டாலும் சற்று நன்றாகத்தான் இருக்கும். சராசரிக்குத் திரும்புவது என்பார்கள். இரண்டு வருட முன்கணக்கு கிடைத்தால் அதை எடுக்கலாம், அல்லது எஃப், எம்சிவி இரண்டும் ஏறியதைக் கூடவே காட்டி, மருந்து உள்ளே போனது என்றாவது நிரூபிக்கலாம். எம்சிவி ஏறவே இல்லை என்றால் மாத்திரை டப்பாவிலேயே இருந்திருக்கலாம்.

அடுத்தது, 'வலி வருவது' என்றால் என்ன? இந்த மருந்தின் பழைய அமெரிக்க சோதனையின் வரையறை: மருத்துவமனையில் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்து, ஊசி வழியாக ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநீக்கி) கொடுக்கப்பட்ட வலி. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபியாய்டு ஊசி ஏது? டைக்ளோஃபெனாக் போட்டு, பெஞ்சில் படுக்கவைத்து, பஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரையறையை அப்படியே எடுத்தால் உங்கள் ஊரில் யாருக்கும் வலியே வருவதில்லை என்று ஆகிவிடும். தோழிக்கு ஏற்றபடி வரையறுத்து, அதை முறைப் பகுதியில் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருகைகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி இருந்தால் புதிய வலி என்பதும் அதில் வர வேண்டும்.

மருந்தளவை 'ஒரு கேப்சூல்' என்று எழுதக் கூடாது, எடைக் கிலோவுக்கு மில்லிகிராம். இந்தியாவில் 10 மில்லிகிராம் நிலை அளவு பலர் கொடுப்பது, வெளிநாட்டில் 15 முதல் 20இல் தொடங்குகிறார்கள். எண் இல்லாமல் ஒப்பிட வழியில்லை.


எண்கணக்கு · பிப்ரவரி 17, காலை 9:20

கூடவே: வலி எண்ணிக்கையில் பாதிப் பேருக்குப் பூஜ்யம், இரண்டு பேருக்குப் பதினைந்து. சராசரியும் திட்ட விலக்கமும் போட்டு டி-சோதனை செய்தால் அந்த இரண்டு பேர்தான் முடிவை எழுதுவார்கள். மீடியன் (நடு எண்), கால்மான எல்லை (நடுவில் உள்ள பாதிப் பேரின் வீச்சு) போடுங்கள். மாடல் போடுவதானால் நெகட்டிவ் பைனாமியல் (இப்படிச் சிதறிய எண்ணிக்கைக்கான மாடல்). எல்லோரும் முழு வருடம் இருக்கவில்லை என்றால் ஆள்-ஆண்டுக்கு எத்தனை என்று கணக்கு.


பழைய ஸ்லைடு · பிப்ரவரி 22, இரவு 9:15

சமூகப் பெயர்கள் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் இதைத் தொடாமல் விட்டது என் தவறு.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தமிழ்நாட்டின் ஆறு அதிநலிவுப் பழங்குடிக் குழுக்களும் இவைதான். சில குழுக்கள் மிகச் சிறியவை. "இன்ன சமூகம், இன்ன ஊர், 19 வயதுப் பெண், எஸ்எஸ்" என்று அட்டவணையில் ஒரு வரி வந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். கேரியர் என்று தெரிந்தாலே கல்யாணப் பேச்சு நின்றுபோகும் இடங்கள் இருக்கின்றன. எனவே ஊர்ப் பெயர் போஸ்டரில் வரவே வேண்டாம், தாலுகா போதும். எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் குறைவான ஆள் இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். சமூகவாரி நெடுவரிசை தேவையா என்றே யோசியுங்கள், உங்கள் கேள்வி உதிர்வைப் பற்றியது. மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், பஸ் இருக்கிறதா என்பது சமூகப் பெயரைவிட அதிகம் சொல்லும்.

முகத்தின் கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டுவது மறைப்பு அல்ல. முகப் படமே வேண்டாம். முகாம் வரிசைப் படமும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது 'சிக்லர்' என்ற சொல் வரக் கூடாது. நோயை வைத்து மனிதருக்குப் பெயர் வைப்பதை நோயாளி அமைப்புகள் வெளிப்படையாகவே கண்டிக்கின்றன, அரங்கில் அவர்களும் இருப்பார்கள். 'நான்-கம்ப்ளையன்ட்' என்பதும் அப்படியே. எச்பிஎல்சிக்கு வராதவர் ஒத்துழைக்காதவர் என்று எழுதும் முன் கூலி ஒரு நாள் போவதை எண்ணுங்கள்.


மலைப்பாதை · மார்ச் 1, மதியம் 2:30

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது! சமூக நெடுவரிசையை எடுத்துவிட்டு தூரம் போட்டேன். தளத்தில் பதிவேற்றும்போது பீட்டா எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிறது. ஆசிரியர் பட்டியலில் கைடு பெயர், எச்ஓடி (துறைத் தலைவர்) பெயர், டீன் பெயர், மூன்றும் வேண்டுமாம்.


பழைய ஸ்லைடு · மார்ச் 1, இரவு 10:10

வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கிரேக்க எழுத்து, கூட்டல்-கழித்தல் குறி, 'அதற்கு மேல்' குறி எல்லாம் உடையும். முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து தளத்துக்குக் கொண்டுபோய், குறிகளைத் தளத்தின் குறிப் பட்டியலிலிருந்தே போடுங்கள். அல்லது பீட்டா என்று ஆங்கிலத்தில் சொல்லாகவே எழுதிவிடுங்கள். அனுப்பிய பிறகு வரும் பிடிஎஃபைத் திறந்து படியுங்கள், திரையில் சரியாக இருந்தது அதில் உடைந்திருக்கும். சில சங்கங்கள் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணும், இடைவெளியும் சேர்த்து. அட்டவணைக்குத் தனியாகக் கழிப்பார்கள்.

டீன் ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவை எடுப்பதிலோ அலசுவதிலோ பங்கெடுத்தாரா? எழுதினாரா, அல்லது எழுதியதைத் திருத்தினாரா? கடைசிப் பிரதியைப் படித்து ஒப்பினாரா? பொறுப்பேற்கிறாரா? நாலும் வேண்டும் என்பது சர்வதேச இதழாசிரியர் குழுவின் விதி. நடைமுறையில் பிஜி இதில் ஜெயிக்க முடியாது, நன்றி வரியில் அவரை முதலில் போட்டு எச்ஓடியிடம் பேசிப் பாருங்கள். ஆனால் ஊர் ஊராகப் போன சுகாதாரப் பணியாளர் பெயர் விடுபட்டால் அது வேறு கதை. பதிவேடு அவர் கையெழுத்து.


மலைப்பாதை · மார்ச் 3, இரவு 7:25

இதையே வெளிநாட்டுக் கூட்டத்துக்கும் அனுப்பலாமா? கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11:59. அப்படியானால் நமக்கு முந்தைய நாள் மதியம்தானே?


பழைய ஸ்லைடு · மார்ச் 3, இரவு 9:00

பூமியை எதிர்த்திசையில் சுற்ற வைத்துவிட்டீர்கள். அவர்களின் கோடை நேரத்தில் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. பசிபிக் கோடை நேரம் என்றால் மதியம் 12:29. லண்டன் கோடை நேரம் விடியற்காலை 4:29, அதுதான் ஆளைக் கொல்லும். முந்தின நாள் அனுப்பிவிட்டுத் தூங்குங்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் தளங்கள் படுத்துக்கொள்வது உலக வழக்கம்.

இரண்டு இடத்துக்கும் அனுப்பலாமா என்பது அந்தந்த அழைப்பைப் பொறுத்தது. சில இடத்தில் முன்பு வழங்கியது என்று அறிவித்தால் ஏற்பார்கள், சில இடத்தில் முந்தைய வெளியீடே தடை. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் டிசம்பரில், அப்ஸ்ட்ராக்ட் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ மூடிவிடும். அங்கே ஏற்றால் குறிப்பிட்ட நேரம் வரை வெளியில் பேசக் கூடாது என்ற தடையும் வரும், முகநூலில் படம் போடுவது உட்பட.

"மதிப்பிற்குரிய புகழ்பெற்ற டாக்டர்" என்று தொடங்கி, ஒரே ஹோட்டலில் ரத்தவியல், பல் மருத்துவம், நானோ தொழில்நுட்பம் மூன்றுக்கும் ஒரே நாளில் அழைக்கும் மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.


மலைப்பாதை · ஏப்ரல் 20, மாலை 5:50

ஏற்றுக்கொண்டார்கள். போஸ்டர், பேச்சு இல்லை. பலகை 3 அடி அகலம், 4 அடி உயரம். இப்போது என்ன?


பழைய ஸ்லைடு · ஏப்ரல் 20, இரவு 10:30

நல்லது. ஏ0 தாள் நிமிர்ந்து நின்றால் 84.1 செ.மீ. அகலம், 118.9 உயரம். பலகை 91.4க்கு 121.9. கச்சிதமாக உட்காரும், மேலும் கீழும் ஒன்றரை செ.மீ. மிச்சம். படுக்கை வாக்கில் செய்தால் பக்கவாட்டில் தொங்கும்.

பவர்பாயின்ட்டில் முதல் வேலையாகப் பக்க அளவை 84.1க்கு 118.9 என்று வையுங்கள். எல்லாம் அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் அளவு மாற்றினால் ஸ்மியர் (கண்ணாடியில் தேய்த்த ரத்தத் துளி) படத்தின் செல்கள் எல்லாம் முட்டை வடிவமாகிவிடும். சிக்கிள் செல் கூட்டத்தில் அது வேறு நோயறிதல்.

எழுத்து அளவு: தலைப்பு 85 முதல் 100 பாயின்ட், உட்தலைப்பு 44, உள்ளடக்கம் 28க்குக் கீழே போகக் கூடாது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். உரை 500 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். நடுவில் பெரிதாக உதிர்வுப் படம், ஒவ்வொரு பெட்டியிலும் எண், பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் போகும் அம்புக்குறியில் விடுபட்டவர் எண்ணிக்கையும் காரணமும். போஸ்டரே அதுதான், மற்றதெல்லாம் அதற்கு வேலி.

படம்: அச்சில் 40 செ.மீ. அகலம் வேண்டும் என்றால் 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) கணக்கில் 2360 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்மியர் என்றால் அளவுகோல் கோடு, சாயத்தின் பெயர், எந்த லென்ஸ். ஏஎஸ் கேரியரின் சாதாரண ஸ்மியரில் அரிவாள் செல் தேடாதீர்கள், இருக்காது.


பழைய ஸ்லைடு · ஏப்ரல் 21, காலை 6:40

அச்சு. ஃப்ளெக்ஸ் கடையில் திருமண பேனர் அடிக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் 28 பாயின்ட் எழுத்தின் ஓரம் பஞ்சுபோல் வரும். அது தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கானது. மேட் ஃபோட்டோ தாளில் அடிக்கும் கடையைத் தேடுங்கள், பளபளப்புத் தாள் விளக்கொளியில் கண்ணாடி ஆகிவிடும். துணியில் அடித்தால் மடித்துப் பையில் வைக்கலாம், ஆனால் மெல்லிய கோடுகள் சற்று மங்கும். திரையில் பளிச்சென்ற ரத்தச் சிவப்பு அச்சில் செங்கல் நிறமாக இறங்கும், ஏ4இல் ஒன்று அடித்துப் பார்த்துவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து ஏஎஸ், எஸ்எஸ் என்று பிரிக்காதீர்கள், நிறக்குருடு உள்ள நடுவர் இருப்பார்.

முகாமில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையைப் போஸ்டரில் வைப்பதானால் கவனம். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் 'சோகை' 'சாேகை' ஆகும். பிடிஎஃபில் எழுத்துருவைப் பதித்துக் கொடுங்கள். கோரல்ட்ராவில் திறப்பார்கள் என்றால் எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வடிவக் கோடுகள்) ஆக்கிவிட்டே கொடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.


லேப் இரண்டாம் மாடி · ஜூன் 2, காலை 8:40

எச்பிஎல்சி வரைபடத்தைப் போஸ்டரில் வைப்பீர்கள் என்றால் மேல் மூலையில் நோயாளி பெயரும் சாம்பிள் எண்ணும் இருக்கும். அழியுங்கள். வெள்ளைப் பெட்டியால் மூடினால் பிடிஎஃபில் பெட்டியை நகர்த்திப் பார்க்கலாம், படத்தையே வெட்டுங்கள்.


பழைய ஸ்லைடு · ஜூன் 2, இரவு 9:55

நல்ல கண். நடுவர் கேட்கக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதிலோடு போங்கள்: மறுத்தவர்கள் எத்தனை, குழந்தைகளில் ஆறு மாதத்துக்குக் கீழே யாராவது, ரத்தம் ஏற்றியவர்களை என்ன செய்தீர்கள், வராதவர்களும் வந்தவர்களும் வயதில், தூரத்தில் ஒத்திருக்கிறார்களா, எஸ்எஸ் என்று தெரிந்தவருக்கு அடுத்து என்ன ஆயிற்று. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

க்யூஆர் குறியீடு வைத்தால் 3 செ.மீ.க்குக் குறையாமல். அது போய் நிற்கும் டிரைவ் கோப்பு "அணுகலைக் கோரவும்" என்று சொல்கிறதா என்பதை உங்கள் போனில் அல்ல, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அடித்தளத்தில் அரங்கு என்றால் சிக்னல் இருக்காது, ஏ4 பிரதி இருபது எடுத்துப்போங்கள். இரட்டைப் பக்க டேப், குத்தூசி இரண்டும் பையில்.


மலைப்பாதை · ஜூன் 21, இரவு 11:15

முடிந்தது. முதல் கேள்வி: "சொல்யூபிலிட்டியா, எச்பிஎல்சியா?" இரண்டாவது: "வராதவர்களுக்கு என்ன செய்தீர்கள்?" போஸ்டரைக் கழற்ற மாலை 5 மணி வரை நேரம் தந்திருந்தார்கள், 4:30க்கே பலகையைத் தூக்கிவிட்டார்கள்.


பழைய ஸ்லைடு · ஜூன் 22, காலை 7:00

எப்போதும் அப்படித்தான். நாலு மணிக்கே போய் நிற்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். வராதவர்கள் பட்டியல் இப்போது யாரிடம் இருக்கிறது? பதிவேட்டிலேயே இருந்தால் அந்த வட்டாரத்துச் சுகாதாரப் பணியாளரிடம் ஒரு பிரதி போகட்டும், மழை பிடிப்பதற்குள்.